கும்பகோணத்தில் இருந்தபடியே ஒரு கம்பெனியைப் பின்தொடர்வது எப்படி? பங்குதாரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டெல்டாவில் பங்கு வைத்திருப்பவர்கள் புதிதாக முளைத்தவர்கள் இல்லை. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கி, இன்று சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் இரண்டு பங்குச் சந்தைகளிலும் இருக்கும் வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கிய பங்கு பேரன் பெயருக்கு மாறிய வீடுகள் இங்கே உண்டு. இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகளும் மொபைலிலேயே டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் தினமும் விலையைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பெனி என்ன சொல்கிறது என்று படிக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த வட்டத்தில் மிகச் சிலர்தான். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. மும்பையில் ஆயிரம் கோடி நிர்வகிக்கும் ஃபண்ட் மேனேஜருக்கும், திருவையாற்றில் நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஒரே அறிக்கை ஒரே நிமிடத்தில் கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இணையம் அதை நடைமுறையிலும் கொண்டுவந்துவிட்டது. நாம் போய்ப் பார்ப்பதுதான் பாக்கி.

எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கீழே வரும் கம்பெனிப் பெயர்கள் எல்லாம் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் உதாரணத்துக்கு எடுத்தவை.

1. முதலில் பங்குச் சந்தையின் தளம், அப்புறம்தான் மற்றதெல்லாம்

மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாற்று விட முடிவெடுப்பவர் அதிகாரபூர்வமாக வெளியாகும் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும்தான் பார்ப்பார். கம்பெனி விஷயத்தில் அந்த அதிகாரபூர்வ எண் வெளியாகும் இடம் என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை), பிஎஸ்இ (மும்பைப் பங்குச் சந்தை) தளங்கள்.

பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு பட்டியலிடல் விதிகளில் 30-ஆவது விதி இதன் மையம். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய எந்த நிகழ்வையும் கம்பெனி முதலில் பங்குச் சந்தைக்குத்தான் சொல்ல வேண்டும். இயக்குநர் குழு கூடி எடுத்த முடிவு என்றால் கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள். சந்தை நேரம் முடிந்த பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. கம்பெனிக்குள்ளேயே நடந்த மற்ற நிகழ்வுகளுக்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வந்தவற்றுக்கு 24 மணி நேரம்.

செய்ய வேண்டியது இதுதான். தளத்தின் தேடல் பெட்டியில் கம்பெனிப் பெயரையோ குறியீட்டையோ போடுங்கள். சிட்டி யூனியன் வங்கிக்கு பிஎஸ்இ-யில் 532210. வரும் பக்கத்தில் ‘கார்ப்பரேட் அனவுன்ஸ்மென்ட்ஸ்’ பகுதியைத் திறந்தால் தேதி, நேரத்தோடு எல்லா அறிவிப்பும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிடிஎஃப் இணைப்பு உண்டு. கட்டணம் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் அருமை கெட்ட செய்தி வரும்போதுதான் தெரியும். 2018 பிப்ரவரியில் அந்த வங்கி வெளிநாட்டு வங்கிகளோடு பணப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் இணையக் குற்றவாளிகள் புகுந்து, மூன்று மோசடிப் பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்ப முயன்றார்கள். வங்கி அதைப் பங்குச் சந்தைகளுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தது. என்ன நடந்தது, பணம் எந்த வழியாகப் போனது, எது தடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதிலிருந்துதான் செய்திகளுக்குப் போனது. அதைப் படித்தவருக்கு, ஊரில் பரவும் கதைகளைக் கேட்டுப் பதற வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

2. கம்பெனியின் சொந்தத் தளத்தில் எங்கே போவது

முகப்புப் பக்கத்தில் இருப்பது வாடிக்கையாளர்களுக்கான விளம்பரம். நமக்கு வேண்டியது பெரும்பாலும் பக்கத்தின் அடியில், ‘இன்வெஸ்டர்ஸ்’ அல்லது ‘இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். பட்டியலிட்ட ஒவ்வொரு கம்பெனியும் இப்படி ஒரு தளத்தை நடத்தியே ஆக வேண்டும் என்பது 46-ஆவது விதி. நிதி முடிவுகள், ஆண்டறிக்கை, பங்கு வைத்திருப்போர் விவரம், இயக்குநர் குழுக்கள், முதலீட்டாளர் குறைகளுக்கான மின்னஞ்சல் முகவரி எல்லாம் அங்கே இருக்க வேண்டும். பங்குச் சந்தைக்கு அனுப்பிய முக்கிய அறிவிப்புகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் தளத்தில் வைத்திருக்க வேண்டும்.

வங்கியாக இருந்தால் இன்னொரு பகுதியையும் தேடுங்கள்: வங்கிகளின் மூலதனத்துக்கான சர்வதேச விதிகளான பாசல் விதிகளின்படி ரிசர்வ் வங்கி கேட்கும் வெளிப்படுத்தல்கள். மூலதனம் எவ்வளவு, எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கும்.

முகவரியை மட்டும் கவனியுங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாமல், பங்குச் சந்தைப் பக்கத்திலோ ஆண்டறிக்கையிலோ கொடுத்திருக்கும் தள முகவரியை எடுத்து புக்மார்க் செய்துவிடுங்கள். இப்போது காலாண்டு முடிவு விளம்பரங்களில் கியூஆர் கோடும் வருகிறது. கம்பெனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழியிலும் ஒரு நாளிதழில் விளம்பரம் தர வேண்டும் என்பதால், கும்பகோணம் கம்பெனி என்றால் அந்த விளம்பரம் தமிழ் நாளிதழிலும் வரும். மொபைலை அந்தக் கியூஆர் கோடின் மேல் காட்டினால் முழு அறிக்கையும் திறக்கும்.

3. காலண்டரில் நான்கு பருவங்களைக் குறித்து வையுங்கள்

காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகள் வர வேண்டும். மார்ச்சில் முடியும் முழு ஆண்டுக்கு 60 நாள். ஆக, மே இறுதிக்குள் ஆண்டு முடிவு, ஆகஸ்ட் 14-க்குள் ஜூன் காலாண்டு, நவம்பர் 14-க்குள் செப்டம்பர் காலாண்டு, பிப்ரவரி 14-க்குள் டிசம்பர் காலாண்டு. விவசாயமும் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏஜிஎம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும் சீசனான ஆகஸ்ட், செப்டம்பரில்தான் சம்பாவுக்கு நாற்றங்கால் வேலையும் குறுவை அறுவடையும் நெருங்கும். ஓட்டுப் போடும் நாட்கள் நழுவுவது அப்போதுதான். தேதியை மொபைலில் அலாரமாகவே வைத்துவிடுங்கள்.

பங்கு வைத்திருப்போர் விவரம் காலாண்டு முடிந்து 21 நாளில் வந்துவிடும். நிறுவனர் குடும்பம் பங்குகளை விற்கிறதா, அடகு வைத்திருக்கிறதா என்பதை இதில் பார்க்கலாம். சிட்டி யூனியன் வங்கி மாதிரி ப்ரமோட்டர் (நிறுவனர் தரப்பு) என்று யாருமே இல்லாத கம்பெனியில், மியூச்சுவல் ஃபண்டுகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்று பாருங்கள்.

4. முடிவுகள் வந்த அன்று

பிடிஎஃப்-இல் மூன்று விஷயம் சேர்ந்தே வரும்: அட்டவணை, அடிக்குறிப்புகள், தணிக்கையாளரின் மேலாய்வு அறிக்கை. எல்லோரும் அட்டவணையில் லாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அடிக்குறிப்புகளைப் படியுங்கள். ஒருமுறை மட்டும் வந்த வருமானம், சொத்து விற்ற பணம், வழக்கு, கணக்கு முறையில் செய்த மாற்றம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தணிக்கையாளர் அறிக்கையில் வழக்கமான வாசகத்தை மீறி ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் அதை விடவே கூடாது.

ஒப்பிடும்போது முந்தைய காலாண்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். சர்க்கரை ஆலைக்கு அரவைப் பருவம் உண்டு, உரக் கம்பெனிக்கு விதைப்புப் பருவம் உண்டு. போன வருடத்தின் இதே காலாண்டோடு வைத்துப் பார்த்தால்தான் நியாயமான கணக்கு.

5. கான்கால்: எல்லாவற்றிலும் பெரிய பொக்கிஷம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் இதைச் செய்யச் சொல்வேன். முடிவுகள் வந்த பிறகு நிர்வாகம் ஆய்வாளர்களோடு தொலைபேசி வழியாகப் பேசும் கூட்டம்தான் கான்கால். முன்பெல்லாம் அது பெரிய முதலீட்டு நிறுவனங்களின் தனி அறைப் பேச்சு மாதிரி இருந்தது. இப்போது கூட்டத்தின் அட்டவணையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் வெளியிட வேண்டும். எழுத்து வடிவத்தை 5 வேலை நாளுக்குள் தர வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

எழுத்து வடிவத்தை, அதாவது டிரான்ஸ்கிரிப்டை, எப்படிப் படிப்பது? முதல் சில பக்கங்கள் நிர்வாக இயக்குநரின் தொடக்க உரை. அதை வேகமாக ஓட்டிவிடலாம். அதில் நல்லதுதான் பெரும்பாலும் இருக்கும். கேள்வி நேரம் தொடங்கும் இடத்தில் நிதானியுங்கள். ஒரு வங்கியின் கான்காலில் ஆய்வாளர் பொதுவாகக் கேட்பது இவை: இந்தக் காலாண்டில் புதிதாக வாராக்கடனாக மாறிய தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு வசூலானது, நகைக் கடன் எத்தனை சதவீதம், டெபாசிட்டுக்குக் கொடுக்கும் வட்டி ஏறுவதால் வட்டி லாப விகிதம் குறையுமா. பதில் ‘இத்தனை கோடி’ என்று எண்ணாக வருகிறதா, ‘நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று வார்த்தையாக வருகிறதா என்பதைப் பாருங்கள். ‘அதைத் தனியாகச் சொல்கிறோம்’ என்று வந்தால் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்.

அப்புறம், நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நிர்வாகம் கொடுத்த வாக்கு, உதாரணமாக ‘அடுத்த ஆண்டு கடன் வளர்ச்சி இவ்வளவு இருக்கும்’ என்பது போன்றது. வலது பக்கம் அடுத்த கான்காலில் உண்மையில் வந்தது. நான்கைந்து காலாண்டு இப்படி எழுதினால், அந்த நிர்வாகத்தின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று எந்த டிவி நிபுணரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு காலாண்டில் பெருமையாகச் சொன்ன திட்டம் அடுத்ததில் சத்தமில்லாமல் காணாமல் போவதும் கண்ணில் படும். இந்த ஒரு பழக்கம் தரும் தெளிவை வேறு எதுவும் தந்து நான் பார்த்ததில்லை.

மொழி ஒரு தடைதான். கான்கால், ஆண்டறிக்கை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பிடிஎஃப்-ஐ மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழில் படிப்பதில் தவறே இல்லை. ஆனால் எண்களையும் ‘இல்லை’ என்று வரும் வாக்கியங்களையும் மூலத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கோடியும் மில்லியனும் குழம்புவதும், எதிர்மறை நேர்மறையாக மாறுவதும் அங்கேதான் நடக்கும்.

6. ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

முன்பக்கத்துப் படங்களையும் தலைவர் கடிதத்தையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தணிக்கையாளர் அறிக்கை. அடுத்து தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிமாற்றங்கள், அதாவது நிர்வாகத்தின் உறவினர் கம்பெனிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. அப்புறம், பின்னால் கம்பெனி தலையில் விழக்கூடிய பொறுப்புகள், நிலுவை வழக்குகள்.

ஓர் ஆண்டறிக்கையைத் தனியாகப் படிப்பதைவிட மூன்றை வரிசையாக வைத்துப் படிப்பது நல்லது. நாகப்பட்டினம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பனங்குடி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் திட்டத்தோடு தொடர்புடைய சென்னை பெட்ரோலியம், இந்தியன் ஆயில் இரண்டின் ஆண்டறிக்கைகளையும் 2021 தொடங்கி வரிசையாக எடுத்து, இந்தத் திட்டத்தைப் பற்றிய பத்தியை மட்டும் தேடிப் படியுங்கள். நிலம், செலவு, காலக்கெடு, யார் எவ்வளவு முதலீடு என்பதில் ஒவ்வொரு ஆண்டும் வாசகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், மேடைப் பேச்சில் கிடைக்காத விவரம் கிடைக்கும்.

அறிக்கை உங்களுக்கு வரவில்லையா? டீமேட் கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் பழையதாக இருக்கலாம். இப்போது மென்பிரதிதான் முதலில் அனுப்புகிறார்கள். அச்சுப் பிரதி வேண்டும் என்றால் எழுதிக் கேட்டால் அனுப்ப வேண்டும்.

7. ஏஜிஎம்மும் ஓட்டும்

மண்டபத்தில் கூட்டம், கையில் ஆண்டறிக்கை, கூட்டம் முடிந்து காபி என்று இருந்த ஏஜிஎம், 2020-இல் கொரோனா காலத்தில் வீடியோ வழியாக நடத்த அனுமதி கிடைத்த பிறகு மாறிவிட்டது. நேரில் பார்த்துப் பேசும் சுகம் போனது உண்மைதான். ஆனால் வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் மும்பைக் கம்பெனியின் கூட்டத்தில் உட்கார முடிகிறது.

கூட்ட அறிவிப்பு குறைந்தது 21 நாள் முன்பு வரும். அதில் ‘கட்-ஆஃப் டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். அன்று பங்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு. இ-வோட்டிங் குறைந்தது 3 நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். டீமேட் பங்குகளைப் பாதுகாக்கும் அமைப்புகள் இரண்டு. உங்கள் டீமேட் என்எஸ்டிஎல்-இல் இருக்கிறதா சிடிஎஸ்எல்-இல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தளத்தில் நுழையுங்கள். கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் தீர்மானங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு, எதிர்ப்பு என்று குறித்து, கடைசியில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்துவிட்டால் மாற்ற முடியாது. எனவே தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கும் விளக்கக் குறிப்பை முதலில் படியுங்கள். இயக்குநர் மறுநியமனம், சம்பள உயர்வு, தொடர்புடைய தரப்பு ஒப்பந்தம் ஆகிய மூன்றிலும் அவசரப்பட வேண்டாம்.

பேச விரும்பினால் முன்பே பேச்சாளராகப் பதிவு செய்ய வேண்டும். வழிமுறை அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். தமிழில் பேசலாமா என்று கம்பெனி செக்ரட்டரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஒரே கேள்வி, எண்ணோடு, பக்க எண்ணோடு கேட்டால் பதில் வராமல் போவது கடினம். ‘நன்றாக நடத்துகிறீர்கள், வாழ்த்துகள்’ என்று மட்டும் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

ஓட்டு முடிவு இரண்டு வேலை நாளில் சந்தைத் தளத்தில் வந்துவிடும். ப்ரமோட்டர், நிறுவன முதலீட்டாளர், பொதுமக்கள் என்று பிரித்தே போடுவார்கள். நிறுவன முதலீட்டாளர்கள் திரளாக எதிர்த்த தீர்மானம் எது என்று பார்த்தால், அடுத்த வருடம் எங்கே சிக்கல் வரும் என்று ஊகிக்கலாம்.

8. பரணில் இருக்கும் காகிதப் பங்குகள்

இது டெல்டா குடும்பங்களுக்கு முக்கியம். பழைய டிரங்குப் பெட்டியில் பங்குச் சான்றிதழ் இருக்கிறதா? காகிதமாகவே வைத்திருந்து இன்னொருவருக்கு விற்க 2019 ஏப்ரலிலிருந்து வழியில்லை. பான், வங்கிக் கணக்கு விவரம் சேர்க்காத காகிதப் பங்குகளுக்கு, 2024 ஏப்ரல் முதல் டிவிடெண்டும் (கம்பெனி தரும் லாபப் பங்கு) நிறுத்தி வைக்கப்படும். கம்பெனியின் முதலீட்டாளர் பக்கத்திலோ, அதன் பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் பதிவாளரின் தளத்திலோ, இந்த விவரங்களைச் சேர்ப்பதற்கான ஐஎஸ்ஆர்-1 படிவம் இருக்கும். அதை நிரப்பி அனுப்புங்கள், பிறகு டீமேட்டுக்கு மாற்றுங்கள்.

தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால், அந்தப் பணமும் அதற்குரிய பங்குகளுமே ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விடும். போனவை திரும்பக் கிடைக்கும், ஆனால் அலைச்சல் உண்டு: முதலில் கம்பெனியிடம் உரிமைக் கடிதம், அப்புறம் ஐஇபிஎஃப்-5 படிவம். கோரப்படாத டிவிடெண்ட் பட்டியல் கம்பெனித் தளத்தில் இருக்கும். தாத்தா, பாட்டி பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். தகப்பனார் பெயரின் இனிஷியல் முன்னே பின்னே இருக்கும்.

9. சமூக ஊடகமும் போலிகளும்

2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஜூன் மாதத்தில் பார்வை நேரம் 100 கோடி மணி நேரத்தைத் தாண்டியது என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். எல்லா முதலீட்டாளருக்கும் சொல்லாமல் அங்கே மட்டும் சொன்னது சரியா என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு விசாரித்தது. எந்தப் பக்கத்தில் சொல்வோம் என்று முதலீட்டாளர்களிடம் முன்பே தெரிவித்திருந்தால் சமூக ஊடகத்தில் அறிவிக்கலாம் என்று 2013 ஏப்ரலில் விளக்கமும் தந்தது. நம் நாட்டில் பங்குச் சந்தைக்குத்தான் முதல் உரிமை. கம்பெனியின் எக்ஸ் பதிவோ யூடியூப் பேட்டியோ அதற்குப் பிறகுதான்.

போலிகளில் பெரிய ஆபத்து இருக்கிறது. 2024-இல் தன் நிர்வாக இயக்குநரின் முகத்தையும் குரலையும் வைத்துச் செய்த டீப்ஃபேக் வீடியோக்கள் பரவுவதாக என்எஸ்இ-யே எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் வரும் ‘உள்ளே இருந்து வந்த தகவல்’ இரண்டில் ஒன்று: பொய், அல்லது உண்மையாக இருந்தால் அதை வைத்து வியாபாரம் செய்வது குற்றம். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் வரை கம்பெனிக்காரர்களே பங்கை வாங்க விற்க முடியாதபடி ‘டிரேடிங் விண்டோ’ மூடியிருக்கும். எந்தச் செய்தி வந்தாலும் சந்தைத் தளத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

10. பதில் வரவில்லை என்றால்

முதலில் குறைகளுக்கான மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். ஃபோலியோ எண் (காகிதப் பங்குக்கான கணக்கு எண்) அல்லது டீமேட் எண், தேதி, கேட்பது என்ன என்று நான்கு வரி போதும். பலன் இல்லை என்றால் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் போடுங்கள். 21 நாளுக்குள் கம்பெனி நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மறுஆய்வு கேட்கலாம், அல்லது ஆன்லைனில் தகராறுகளைத் தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் சமரசத்துக்குப் போகலாம். புகார் எண்ணின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலிடாத கம்பெனியில் பங்கு இருந்தால்

டெல்டாவில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்கு போட்ட விவசாயிகள் ஏராளம். அவையும் கம்பெனிகள் சட்டத்தில்தான் வருகின்றன, நீங்களும் பங்குதாரர்தான். எத்தனை பங்கு இருந்தாலும் தனிநபர் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு என்பதால், இங்கே உங்கள் குரலுக்கு எடை அதிகம். ஆனால் மேலே சொன்ன செபி விதிகள் இவற்றுக்குப் பொருந்தா. 30 நிமிட அறிவிப்பும் கான்காலும் கிடையாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, தாக்கல் செய்த கணக்குகளைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஏஓசி-4 என்பது கணக்கு, எம்ஜிடி-7 என்பது ஆண்டு விவர அறிக்கை. கடைசியாக எந்த ஆண்டுக்குத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டு வருடம் விட்டுப்போயிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆண்டுப் பேரவைக் கூட்டத்தின் அறிவிப்போடு வரவு செலவும் முந்தைய கூட்டத்தின் தீர்மானக் குறிப்பும் உறுப்பினர்களுக்கு வர வேண்டும். உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதென்றால், நெல் விலையும் உர ஸ்டாக்கும் போடும் அதே குழுவில் இந்த இரண்டு பிடிஎஃப்-களையும் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே போடச் சொல்லுங்கள். தலைமைச் செயல் அலுவலருக்கு அது ஐந்து நிமிட வேலை.